மூலப் படத்தரவை நம்பையில் கையாள்வது எப்படி? முதல் பைட்டிலிருந்து முழுப் படம் வரை

கீழே பதினெட்டு எண்கள் இருக்கின்றன.

255 0 0 0 255 0 0 0 255 255 255 255 0 0 0 128 128 128

இது ஒரு படம். அகலம் மூன்று பிக்சல், உயரம் இரண்டு, பிக்சலுக்கு மூன்று பைட் என்று படித்தால் மேல் வரியில் சிவப்பு, பச்சை, நீலம் வரும். கீழ் வரியில் வெள்ளை, கறுப்பு, சாம்பல் வரும். இதே எண்களை அகலம் இரண்டு, உயரம் மூன்று என்று படித்தாலும் கணக்கு இடிக்காது, ஆனால் வேறு படம் கிடைக்கும். பிக்சலுக்கு ஒரு பைட் என்று கொண்டால் ஆறுக்கு மூன்று அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்தால் ஒன்பது பதினாறு பிட் மதிப்புகள். இதில் எப்படிப் படித்தாலும் நிரல் பிழை காட்டாது.

ஜேபெக், பிஎன்ஜி கோப்புகளில் அகலம், உயரம், நிற அமைப்பு எல்லாம் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும். மூலப் படத்தரவில் அது கிடையாது. கேமரா சென்சாரிலிருந்து நேரே வரும் தரவு, வீடியோவின் ஒரு ஃப்ரேம், மருத்துவக் கருவியோ நுண்ணோக்கியோ கொட்டும் கோப்பு என எதுவானாலும் உள்ளே எண்கள் மட்டுமே இருக்கும். அவற்றுக்குப் பொருள் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த வேலையில் பல ஆண்டுகளாக எனக்குக் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. தவறாகப் படித்த படத்தை உடனே மூடிவிடாமல் உற்றுப் பார்ப்பேன். கோணலாகத் தெரிகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, இருட்டில் வெள்ளைப் புள்ளி மின்னுகிறதா? ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு முகம் உண்டு. கீழே ஒவ்வொரு படியோடும் அந்த முகத்தையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

தேவையானவை பைத்தான் மொழி, அதில் எண் வரிசைகளை (அர்ரே) கையாளும் நம்பை நூலகம், படக் கோப்புகளைத் திறந்து சேமிக்கும் பில்லோ நூலகம். கேமரா ரா கோப்புகளுக்கு ராபை என்ற நூலகமும் வேண்டும். செயற்கூறுகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

படி 1: கோப்பைத் திறக்கும் முன் பெருக்கிப் பாருங்கள்

அகலம், உயரம், பிக்சலுக்கு எத்தனை சேனல் (நிறத்துக்கு ஒன்று), அவை எந்த வரிசையில், ஒரு மதிப்புக்கு எத்தனை பிட், பைட்டுகள் எந்தப் பக்கமிருந்து அடுக்கப்பட்டுள்ளன, வரியின் கடைசியில் நிரப்பு பைட் உண்டா, கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதி உண்டா. இவ்வளவும் தெரிந்தாக வேண்டும். கருவியின் கையேட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோப்பின் அளவே நிறையச் சொல்லிவிடும்.

640க்கு 480 படத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு பிட் சாம்பல் படமென்றால் 3,07,200 பைட். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள ஆர்ஜிபி என்றால் 9,21,600. ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபாவும் சேர்ந்தால் 12,28,800. பதினாறு பிட் சாம்பல் என்றால் 6,14,400. வீடியோவில் அதிகம் புழங்கும் என்வி12 அமைப்பென்றால் 4,60,800. அதில் ஒளிர்வுக்கு முழு அளவில் ஒரு தளமும், நிறத்துக்கு அதில் பாதி பைட்டுகளும் இருக்கும். கோப்பின் அளவு இவற்றில் ஒன்றோடு அச்சாகப் பொருந்தினால் பாதிப் புதிர் அவிழ்ந்தது.

பொருந்தாமல் கொஞ்சம் மிஞ்சினால், மிஞ்சியதை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் அது வரிக்கு வரி சேர்த்த நிரப்பு. வகுபடாவிட்டால் தலைப்பகுதியாக இருக்கும். 6,14,400 வர வேண்டிய இடத்தில் 6,14,912 இருந்தால் மிச்சம் 512. அது 480ஆல் வகுபடாது. ஆகவே தொடக்கத்தில் 512 பைட் தலைப்பகுதி இருக்கிறது என்று ஊகித்து, அதைத் தாண்டிப் படித்துப் பார்க்கலாம்.

படி 2: சோதனைப் படத்தை நீங்களே செய்யுங்கள்

பலரும் தாவிவிடும் படி இது. சதுரமான, சாம்பல் நிறமான, இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும் படத்தை வைத்து நிரலைச் சோதித்தால் தவறுகள் ஒளிந்துகொள்ளும். 512க்கு 512 படத்தில் அகலமும் உயரமும் இடம் மாறியது தெரியாது. சாம்பலில் சிவப்பும் நீலமும் இடம் மாறியது தெரியாது. முதலில் பார்த்த பதினெட்டு எண்களில்கூட, சேனல் வரிசையைத் திருப்பினால் மேல் வரியின் சிவப்பும் நீலமும்தான் மாறும். பச்சை, வெள்ளை, கறுப்பு, சாம்பல் நான்கும் அசையாது.

அதனால் அகலமும் உயரமும் வேறான, அகலம் ஒற்றைப்படை எண்ணான ஒரு படத்தைச் செய்துகொள்ளுங்கள். இடது மேல் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம். வலது மேல் மூலையில் சிறிய நீலக் கட்டம். கீழே இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல ஏறும் ஒரு பட்டை. நம்பையின் ‘ஜீரோஸ்’ கொண்டு வெற்று அர்ரே ஒன்றை உருவாக்கி மூன்று நான்கு வரிகளில் நிரப்பிவிடலாம். கவிழ்ந்த படம், புரண்ட படம், நிறம் மாறிய படம், பைட் வரிசை தவறிய படம் எல்லாமே இதில் முதல் பார்வையிலேயே தெரியும்.

படி 3: படித்து மடித்தல்

நம்பையின் ‘ஃப்ரம்ஃபைல்’ கோப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும். பைட்டுகள் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால் ‘ஃப்ரம்பஃபர்’. இரண்டுக்கும் ‘ஆஃப்செட்’ என்ற அளவுரு உண்டு. தலைப்பகுதியைத் தாண்ட அதைப் பயன்படுத்துங்கள். ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். பைட்ஸ் பொருளிலிருந்து ‘ஃப்ரம்பஃபர்’ தரும் அர்ரேயைப் படிக்கத்தான் முடியும், அதில் எழுத முடியாது. மாற்ற வேண்டுமென்றால் ‘காப்பி’ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைப்பது ஒரே நீள வரிசை. அதை ‘ரீஷேப்’ கொண்டு மடிக்க வேண்டும். மடிக்கும் வரிசை உயரம், அகலம், சேனல். உயரம்தான் முதலில் வரும். ஒரு பிக்சலை எடுக்கும்போதும் முதலில் வரி எண், பிறகு நெடுவரிசை எண். பள்ளிக் கணக்கில் எக்ஸ் முதலில், ஒய் பிறகு என்று பழகிய கைக்கு இது இடறத்தான் செய்யும். பில்லோவின் ‘சைஸ்’ அகலத்தை முதலில் சொல்லும், ஓபன்சிவி என்ற பட நூலகத்தின் ‘ரீசைஸ்’ அகலத்தை முதலில் கேட்கும், நம்பையின் ‘ஷேப்’ உயரத்தை முதலில் சொல்லும். என் நிரல்களில் எண்களை நேரே எழுதுவதில்லை. ‘உயரம்’, ‘அகலம்’ என்று பெயரிட்ட மாறிகளையே எல்லா இடத்திலும் வைக்கிறேன்.

நிறத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பில்லோ சிவப்பிலிருந்து தொடங்கும், ஓபன்சிவி நீலத்திலிருந்து தொடங்கும். முகங்கள் நீலம் பாய்ந்து தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், கடைசி அச்சை, அதாவது சேனல் வரிசையை, திருப்புங்கள். திருப்பிய அர்ரே நினைவகத்தில் பின்னோக்கி ஓடும் ஒரு பார்வைதான். சில நூலகங்கள் அதை ஏற்க மறுக்கும். அப்போது ‘அஸ்கன்டிகுவஸ்அர்ரே’ வழியாக ஒழுங்கான நகலாக்கிக் கொடுங்கள்.

வரி நீளம்: இரண்டு நாள் தின்ற இரண்டு பைட்

இதற்குத் தனி இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் திணறியது இங்கேதான். ஒரு கேமராவிலிருந்து 638க்கு 480 அளவில் ஆர்ஜிபி ஃப்ரேம்கள் வந்துகொண்டிருந்தன. படத்தைத் திறந்தால் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. நேராக நிற்க வேண்டிய கதவு நிலை மூலைவிட்டமாக ஓடியது. மூன்று வரிக்கு ஒருமுறை நிறம் சுழன்று, சாயம் பிழிந்த துணி மாதிரி கோடு கோடாக இருந்தது. கேபிளை மாற்றினேன், வேறு கணினியில் முயன்றேன், ஃப்ரேம்கள் வழியில் சிதைகின்றன என்றே முடிவுகட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கோப்பின் அளவைப் பார்த்தேன். 638 × 3 × 480 = 9,18,720 பைட் இருக்க வேண்டும். இருந்தது 9,19,680. மிச்சம் 960. அதை 480ஆல் வகுத்தால் 2.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பைட் கூடுதல். ஒரு வரியின் உண்மைத் தரவு 1,914 பைட். நான்கின் மடங்காக வரிகள் தொடங்கட்டும் என்று அதை 1,916ஆக நிரப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முழு நீளத்தைத்தான் ஸ்ட்ரைட் என்கிறோம். பிஎம்பி கோப்புகளிலும் இதே நான்கு பைட் ஒழுங்கு உண்டு. நான் 1,914ஆக வெட்டியதால் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட இரண்டு பைட் தள்ளி விழுந்தது. கடைசி வரிக்கு வரும்போது 958 பைட், அதாவது ஏறத்தாழ 319 பிக்சல். படத்தின் பாதி அகலம்! பிக்சலுக்கு மூன்று பைட் இருக்க, நகர்வு இரண்டு பைட்டாக இருந்ததால்தான் நிறமும் மூன்று வரிக்கொரு முறை சுழன்றது. இவ்வளவு தகவலும் அந்தச் சாய்ந்த படத்திலேயே இருந்தது; எனக்கு அப்போது அதைப் படிக்கத் தெரியவில்லை.

தீர்வு எளிது. முதலில் 480க்கு 1,916 என்று மடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் 1,914 பைட்டை மட்டும் வெட்டி எடுங்கள். பிறகு 480, 638, 3 என்று மடியுங்கள். சாய்வு போய்விடும். 640 அகலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தக் கோளாறு வந்தே இருக்காது, ஏனென்றால் 640 × 3 = 1,920, நான்கால் வகுபடும். சோதனைப் படத்துக்கு ஒற்றைப்படை அகலம் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிஎம்பியைப் பற்றி ஒரு கூடுதல் சொல். அதில் வரிகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாகச் சேமிக்கப்படும். படம் தலைகீழாக வந்தால் முதல் அச்சைத் திருப்பினால் போதும்.

படி 4: பிட் ஆழமும் பைட் வரிசையும்

எட்டு பிட்டுக்கு மேல் போனால் ஒரு மதிப்புக்கு இரண்டு பைட் தேவை. அந்த இரண்டில் எது முதலில் என்பதுதான் கேள்வி. 300 என்ற மதிப்பு, சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியனில் 44, 1 என்று அடுக்கப்படும். பெரிய பைட் முதலில் வரும் பிக் எண்டியனில் 1, 44. மாற்றிப் படித்தால் 44 × 256 + 1 = 11,265. பக்கத்துப் பிக்சல் 301 என்றால் அது 11,521 ஆகிவிடும். ஒன்றே ஒன்று வித்தியாசம் இருந்த இடத்தில் 256 வித்தியாசம். அதனால்தான் பைட் வரிசை தவறிய படத்தில் மெல்ல மாற வேண்டிய வானமும் சுவரும் கொந்தளிக்கும் இரைச்சலாகத் தெரியும், பொருள்களின் ஓரங்கள் மட்டும் அடையாளம் தெரியும். நம்பையில் தரவு வகையைக் குறிக்கும்போது லிட்டில் எண்டியனுக்குச் சிறுகுறியை (<), பிக் எண்டியனுக்குப் பெருங்குறியை (>) முன்னால் சேர்த்தால் வரிசையைத் தீர்மானமாகச் சொல்லிவிடலாம். கணினியின் இயல்பை நம்பி விட்டுவிடாதீர்கள்.

படித்ததும் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு, சராசரி மூன்றையும் அச்சிட்டுப் பாருங்கள். கூடியது 4,095ஐத் தொட்டு அதற்கு மேல் போகவில்லையென்றால் பன்னிரண்டு பிட். 16,383 என்றால் பதினான்கு பிட். எல்லா மதிப்பும் 16ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பன்னிரண்டு பிட் தரவை மேல்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பின் ‘இம்ஷோ’வில் பார்த்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். ஒற்றைச் சேனல் படத்தை அது குறைந்த மதிப்பைக் கறுப்பாகவும் கூடியதை வெள்ளையாகவும் தானே நீட்டிக் காட்டும். இருண்ட படமும் பளிச்சென்று தெரியும், நீங்களும் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். ‘விமின்’, ‘விமேக்ஸ்’ இரண்டையும் நீங்களே கொடுங்கள்.

சில சென்சார்கள் இடத்தை மிச்சப்படுத்த, பன்னிரண்டு பிட் மதிப்புகள் இரண்டை மூன்று பைட்டில் அடக்கும். மொபைல் கேமராக்களில் புழங்கும் மிப்பி முறையில் முதல் பைட் முதல் பிக்சலின் மேல் எட்டு பிட். இரண்டாம் பைட் இரண்டாம் பிக்சலின் மேல் எட்டு பிட். மூன்றாம் பைட்டில் இருவரின் கீழ் நான்கு பிட்டுகளும் குடியிருக்கும். 171, 18, 60 என்ற மூன்று பைட்டுகளைப் பிரித்துப் பார்ப்போம். 60ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 12. முதல் பிக்சல் 171 × 16 + 12 = 2,748. இரண்டாவது 18 × 16 + 3 = 291. நம்பையில் மூன்று மூன்றாகத் தாவும் மூன்று துண்டுகளாக வெட்டிக்கொண்டால் முழுப் படத்துக்கும் இதே கணக்கு ஒரே வரியில் முடியும். ஆனால் பெருக்கும் முன் அவற்றைப் பதினாறு பிட்டாக மாற்றிவிடுங்கள். எட்டு பிட்டிலேயே 171ஐ 16ஆல் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அடுத்த படி. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அடக்கும் முறை மாறும், கையேட்டைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

படி 5: கூட்டல் கழித்தலில் உள்ள பள்ளங்கள்

எட்டு பிட் அர்ரேயில் 250ஓடு 10ஐக் கூட்டினால் 4 வரும். 255ஐத் தாண்டியதும் எண் சுற்றி வந்துவிடுகிறது. எந்த எச்சரிக்கையும் வராது. வெளிச்சத்தைக் கூட்டிய படத்தில் பளிச்சென்ற இடங்களெல்லாம் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தால் இதுதான் நோய். ஓபன்சிவியின் ‘ஆட்’ இதே கூட்டலை 255இலேயே நிறுத்திவிடும். உலாவியின் கேன்வாஸில் கிடைக்கும் பிக்சல் அர்ரேயும் எல்லையில் நின்றுவிடும். நம்பை அப்படி நிற்காது.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0 இதில் கொஞ்சம் கறாரானது. எட்டு பிட் அர்ரேயோடு 300ஐக் கூட்டச் சொன்னால் அந்த எண் எல்லைக்கு வெளியே என்று பிழை எழுப்பும். பழைய பதிப்புகள் சத்தமில்லாமல் விடையைப் பதினாறு பிட்டுக்கு உயர்த்தின. 10 மாதிரி எல்லைக்குள் அடங்கும் எண்ணைக் கூட்டினால் இரண்டிலும் அதே சுற்றல்தான். பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டுபவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

நான் பின்பற்றும் வழி இது. கணக்குத் தொடங்கும் முன் ‘ஆஸ்டைப்’ கொண்டு 32 பிட் மிதவை எண்ணாக (தசமப் புள்ளியுள்ள எண்ணாக) மாற்று. எல்லாக் கணக்கையும் அதிலேயே முடி. கடைசியில் ‘கிளிப்’ செய்து 0 முதல் 255க்குள் அடக்கு, ‘ரவுண்ட்’ செய், பிறகு எட்டு பிட்டுக்குத் திருப்பு. இந்த வரிசை முக்கியம். ‘ரவுண்ட்’ செய்யாமல் மாற்றினால் 127.9 என்பது 127 ஆகிவிடும், பத்துமுறை சேமித்தால் படம் மெல்ல இருண்டுபோகும். 64 பிட் மிதவை பெரும்பாலும் தேவைப்படாது. 6,000க்கு 4,000 ஆர்ஜிபி படம் எட்டு பிட்டில் 72 எம்பி, 32 பிட் மிதவையில் 288 எம்பி, 64 பிட்டில் 576 எம்பி. இடையில் இரண்டு நகல் உருவானால் சாதாரண மடிக்கணினி மூச்சுத்திணறும்.

வெளிச்சம் என்பது கூட்டல். கான்ட்ராஸ்ட் என்பது நடுமதிப்பிலிருந்து உள்ள தூரத்தை நீட்டுவது: மதிப்பிலிருந்து 128ஐக் கழித்து, 1.3ஆல் பெருக்கி, மறுபடி 128ஐக் கூட்டுங்கள். முழு அர்ரேக்கும் ஒரே வரி. பிக்சல் பிக்சலாக இரண்டு ஃபார் சுழல் எழுத வேண்டாம். இரண்டரைக் கோடிக்கு நெருங்கிய பிக்சல்களைப் பைத்தான் சுழலில் ஓட்டினால் திரையை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எட்டு பிட் படத்துக்கு இன்னும் அழகான வழி உண்டு. எவ்வளவு பெரிய படமானாலும் ஒரு மதிப்பு 256 விதமாகத்தான் இருக்க முடியும். ஆகவே 0 முதல் 255 வரைக்கும் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு அட்டவணையில் வையுங்கள். பிறகு படத்தையே அந்த அட்டவணைக்குச் சுட்டெண்ணாகக் கொடுங்கள். ஏழு கோடி அடுக்குக் கணக்கு 256 கணக்காகச் சுருங்கிவிடும்.

படி 6: பார்வையா, நகலா?

நம்பையில் படத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் கிடைப்பது நகல் அல்ல, அதே நினைவகத்தின் மீதான பார்வை. முகத்தை மட்டும் வெட்டி வேறு பெயரில் வைத்து அதை வெளுப்பாக்கினால், மூலப் படத்திலும் முகம் வெளுத்திருக்கும். தெரிந்து செய்தால் வேகம் கிடைக்கும், தெரியாமல் செய்தால் மூலத் தரவு போய்விடும். மூலத்தைத் தொடக்கூடாது என்றால் அர்ரேயின் ‘ரைட்டபிள்’ கொடியை அணைத்துவிடுங்கள். யாராவது எழுத முயன்றால் பிழை வரும்.

மங்கலாக்குதல் போன்ற வேலைகளில் இது இன்னும் கூர்மையாகக் கடிக்கும். பக்கத்துப் பிக்சல்களின் சராசரியைச் சுழலில் கணக்கிட்டு அதே அர்ரேயிலேயே எழுதினால், அடுத்த பிக்சல் ஏற்கெனவே மாறிய மதிப்பைப் படிக்கும். படம் ஒரு பக்கமாக இழுத்துப் பூசியதுபோல் ஆகும். விடைக்கு எப்போதும் தனி அர்ரே வையுங்கள்.

படி 7: சாம்பலும் காமாவும்

சாம்பலாக்க மூன்று சேனலின் சராசரி போதாது. கண் பச்சைக்குக் கூடுதலாகவும் நீலத்துக்கு மிகக் குறைவாகவும் இசைவதால், பில்லோ 299, 587, 114 என்ற எடைகளால் பெருக்கி 1,000ஆல் வகுக்கிறது. அதையே நீங்களும் செய்யலாம்.

காமாவை, அதாவது ஒளியை எண்ணாக்கும் வளைவை, மட்டும் அவ்வளவு விரைவாகத் தாண்ட முடியாது. சாதாரண எட்டு பிட் படத்தில் உள்ள எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை, திரைகளுக்கான பொதுத் தரமான எஸ்ஆர்ஜிபி வளைவின்படி குறியாக்கப்பட்டது. கறுப்புப் பிக்சலையும் வெள்ளைப் பிக்சலையும் சரிபாதி கலந்தால் 128 என்று மனம் சொல்லும். ஒளியின் கணக்குப்படி பாதி ஒளி என்பது 188. படத்தைச் சிறிதாக்கும்போது நுண்ணிய கோடுகள் இருண்டுபோவதற்கு இதுவே காரணம். சரியான வழி, மதிப்பை 255ஆல் வகுத்து, 0.04045 வரை இருந்தால் 12.92ஆல் வகுப்பது, அதற்கு மேலென்றால் 0.055ஐக் கூட்டி, 1.055ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்துவது. இப்போது ஒளி நேர்கோட்டு அளவில் கிடைக்கும். கலப்பது, சிறிதாக்குவது, மங்கலாக்குவது எல்லாவற்றையும் இங்கே செய்துவிட்டுத் திரும்ப வளைவுக்குக் கொண்டுபோங்கள். மேலே சொன்ன 256 இடங்கள் உள்ள அட்டவணை இதற்கு நன்றாகப் பொருந்தும்.

படி 8: சென்சாரின் மொசைக்

கேமராவின் ரா கோப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு நிறம்தான் இருக்கும். கோடாக் நிறுவனத்தின் ப்ரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு நீலம். அந்தக் கட்டமே சென்சார் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ராபை இந்தக் கோப்புகளைத் திறக்க லிப்ரா நூலகத்தைப் பயன்படுத்துகிறது. லிப்ராவோ டேவ் காஃபின் எழுதிய டிசிரா நிரலிலிருந்து கிளைத்தது.

ராபையின் ‘இம்ரீட்’ கொண்டு திறந்து, ‘ரா_இமேஜ்_விசிபிள்’ என்பதை எடுங்கள். உடனே ‘காப்பி’ எடுங்கள். அது நூலகத்தின் உள்நினைவகத்தின் மீதான பார்வை, கோப்பை மூடியதும் செல்லாது. கூடவே கறுப்பு அளவு (ஒளியே விழாதபோது வரும் மதிப்பு), வெள்ளை அளவு (உச்ச மதிப்பு), நிற அமைப்பு, கேமரா குறித்த வெள்ளைச் சமநிலை (நிறங்களைச் சமன்செய்யும் பெருக்கல் எண்கள்) ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். கறுப்பு அளவு 512, வெள்ளை அளவு 16,383 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் சிவப்பு 2,512, பச்சைகள் 4,512, 4,480, நீலம் 3,172. முதலில் கறுப்பைக் கழிக்க வேண்டும்: 2,000, 4,000, 3,968, 2,660. பச்சைகளின் சராசரி 3,984. இப்படியே காட்டினால் படம் முழுக்கப் பாசி படிந்ததுபோல் பச்சையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சென்சார் பச்சைக்குக் கூடுதலாக இசைவதால் வருவது அது. வெள்ளைச் சமநிலை சிவப்புக்கு 2, நீலத்துக்கு 1.5 என்றால் 4,000, 3,984, 3,990. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. 16,383இலிருந்து 512 போக 15,871. அதால் வகுத்தால் மூன்றுமே 0.25ஐ ஒட்டி வரும். எஸ்ஆர்ஜிபி வளைவில் ஏற்றி 255ஆல் பெருக்கினால் 137, 137, 137. நடுத்தரச் சாம்பல். கேமராவின் முன்னால் இருந்தது ஒரு சாம்பல் அட்டை.

இதை முழுப் படத்துக்கும் செய்ய, இரண்டிரண்டாகத் தாவும் நான்கு வெட்டுகள் போதும்: இரட்டை வரி இரட்டை நெடுவரிசை, இரட்டை வரி ஒற்றை நெடுவரிசை, அதேபோல் ஒற்றை வரிக்கு இரண்டு. 6,000க்கு 4,000 சென்சாரிலிருந்து 3,000க்கு 2,000 படம் கிடைக்கும். முழு அளவு வேண்டுமென்றால் விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகிக்க வேண்டும். அதை நீங்களே எழுதுவதைவிட நூலகத்திடம் விடுவது நல்லது. கற்றுக்கொள்ளவும் சென்சாரைச் சோதிக்கவும் பாதி அளவுப் படமே தெளிவானது, ஏனென்றால் அதில் ஊகித்த மதிப்பு ஒன்றுகூட இல்லை.

இங்கே மூன்று இடங்களில் வழுக்கும். முதலாவது கழித்தல். இருண்ட பகுதியில் இரைச்சலால் சில பிக்சல்கள் கறுப்பு அளவுக்குக் கீழே போவது இயல்பு. பதினாறு பிட் குறியில்லா எண்ணில் 510இலிருந்து 512ஐக் கழித்தால் 65,534 வரும், இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். மிதவைக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

இரண்டாவது வெட்டும் இடம். படத்தின் இடப்பக்கம் ஒரே ஒரு நெடுவரிசையை வெட்டினால் சிவப்பில் தொடங்கிய கட்டம் பச்சையில் தொடங்கும். பச்சையைச் சிவப்பு, நீலம் என்று நிரல் எண்ணிக்கொள்ளும். இலைகளெல்லாம் கருஞ்சிவப்பு ஊதாவாக மாறும். எப்போதும் இரட்டைப்படை எண்ணிலேயே வெட்டுங்கள்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய வெளிச்சம். சூரியனோ விளக்கோ விழுந்த இடத்தில் மூன்று சேனலும் உச்சத்தைத் தொட்டிருக்கும். சமநிலைப் பெருக்கலில் சிவப்பும் நீலமும் மட்டும் ஒன்றைத் தாண்ட, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பாகிவிடும். பெருக்கிய பின் மூன்றையும் 1இல் ‘கிளிப்’ செய்தால் வெள்ளை திரும்பிவிடும்.

இதன் பிறகும் நிறங்கள் சற்று வெளிறியே இருக்கும். சென்சாரின் சிவப்பும் திரையின் சிவப்பும் ஒன்றல்ல; இடையில் மூன்றுக்கு மூன்று நிற அணி ஒன்றால் பெருக்க வேண்டும். அது கேமராவுக்குக் கேமரா மாறும். ராபையின் ‘போஸ்ட்ப்ராசஸ்’ இதையெல்லாம் தானே செய்யும். காமாவை 1, 1 என்றும், தானியங்கி வெளிச்சம் வேண்டாம் என்றும், வெளியீடு 16 பிட் என்றும் கொடுத்தால் நேர்கோட்டு அளவில் நிறம் திருத்திய படம் கைக்கு வரும்.

படி 9: வெளியே எழுதுதல்

வேலை நடந்துகொண்டிருக்கும் படத்தை ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் மதிப்புகள் மாறும். எட்டு பிட்டுக்குப் பிஎன்ஜி போதும். பதினாறு பிட் ஆர்ஜிபிக்குப் பில்லோவில் வழியில்லை; ஓபன்சிவியின் ‘இம்ரைட்’ அதைப் பிஎன்ஜியாக எழுதும், நீலம் முதலில் வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நூலகமே இல்லாத இடத்தில் பிபிஎம் என்ற எளிய பட வடிவம் கைகொடுக்கும். பி6 என்று ஒரு வரி, அகலமும் உயரமும் ஒரு வரி, 255 என்று ஒரு வரி. அதற்குப் பிறகு உங்கள் ஆர்ஜிபி பைட்டுகளை அப்படியே கொட்டலாம். 640க்கு 480 படத்துக்கு அந்தத் தலைப்பகுதி வெறும் 15 பைட். பதினாறு பிட்டாக எழுதினால் பெரிய பைட் முதலில் வர வேண்டும்.

புதிய கருவியோ புதிய வடிவமோ கைக்கு வந்தால், வேறெதையும் எழுதும் முன் நான் ஓட்டும் சோதனை ஒன்று உண்டு. மூலக் கோப்பைப் படித்து, மடித்து, ஒன்றும் செய்யாமல் திரும்ப ‘டுஃபைல்’ கொண்டு எழுதி, இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிடுவேன். ஒரு பைட் மாறியிருந்தாலும் அங்கேயே நிறுத்தி எந்த இடத்தில் முதல் வேறுபாடு என்று பார்ப்பேன். அது 1,914ஆவது இடத்தில் இருந்தால் எங்கே தேட வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.